நேற்றைய தேதி

குடல் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அம்மாவின் வயிற்றில் செருகியிருந்த குழாய் வழியே பையில் ரத்தம் இறங்கியது.

"மறுபடி கிழிக்க மாட்டோம். தொடையில சின்னத் துளை போட்டு, ரத்தக்குழாய் வழியாவே கசிவை அடைச்சிடுவோம்," என்றார் டாக்டர்.

நர்ஸ் எதுவும் கேட்காமல் அப்பாவின் கட்டைவிரலை மைப்பெட்டிக்கு இழுத்தாள். நான் ஒப்புதல் படிவத்தைப் பிடுங்கினேன்.

"படிக்கவெல்லாம் நேரமில்லம்மா," என்றாள்.

"நான் வேகமாத்தான் படிப்பேன்."

கசிவு தெரியவந்த நாள் என்ற இடத்தில் நேற்றைய தேதி. நேற்று இதே டாக்டர்தான் "எல்லாம் நார்மல்" என்றார்.

பையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டேன். அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டேன்.

"சிஸ்டர், வேற ஃபார்ம் எடுத்துட்டு வாங்க," என்றார் டாக்டர். இப்போது நேரம் இருந்தது.

"முதல்ல எங்கம்மாவ உள்ள கொண்டுபோங்க சார்."

படிவத்தை நான் விடவில்லை.