முழங்காலுக்குக் கீழே

பிளாரன்ஸ் குனிந்து காலைச் சொறிந்ததைப் பார்த்ததும் ரோஸ் வரிசையை விட்டு ஓரடி விலகி அந்தக் காலையே எட்டிப் பார்த்தாள்.

தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் இவளுக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றாள் பிளாரன்ஸ். கெண்டைக்கால் முழுக்கச் சிவப்புச் சிவப்பாய்ப் புள்ளி. முழங்காலோடு கோடு போட்டதுபோல் நின்றிருந்தது.

அருமைநாயகத்தின் காலிலும் அதே புள்ளிதான். அதுவும் முழங்காலோடுதான் நின்றிருந்தது. நேற்று ரோஸ் தன் கையாலேயே அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

“சங்கு குளிச்ச எடத்துல சொறி அடிச்சிட்டு” என்றான். கடலில் கண்ணாடிக் குடைபோல மிதக்கிற சொறிமீன் பட்டால் உடம்பு தடித்துப்போகும், அது திரேஸ்புரத்துக்கே தெரியும். இவளும் நம்பி, அவனுக்குக் களிம்பு வாங்க ஒரு சிரட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து வெயிலில் நிற்கிறாள்.

தலையோடு முங்கிச் சங்கெடுக்கிறவனுக்கு முழங்காலுக்குக் கீழே மட்டும் எப்படிச் சொறி அடிக்கும்? நேற்று இது ஏன் தோன்றவில்லை? கூறுகெட்டவள்!

தவக்காலத்தில் மாதா படத்தின் மேல் கையை வைத்துச் சத்தியம் பண்ணினவன் அவன். “பிளாரன்ஸுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. அவ இருக்க தெசைக்கே நான் தலைவச்சுப் படுக்கதில்ல.” ஆகா, என்ன சத்தியம்!

அப்படி என்னத்தைக் கண்டான் அவளிடம்? பல் எடுப்பு. நடந்தால் வாத்து. நிறம் மட்டும் கொஞ்சம் தூக்கல், அதை வைத்து அரிசியா பொங்க முடியும்?

பிளாரன்ஸின் முறை வந்தது.

“எந்தக் குளத்துல எறங்கின?” என்றார் டாக்டர் தேவமணி, காலைப் பார்த்ததுமே.

“மேக்க, பனங்காட்டுக் குளத்துல. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு துணி அலசப் போனோம்.”

போனோமாம்! ரோஸ் பல்லைக் கடித்தாள்.

ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தம்ளரில் இரண்டு நத்தைகள் கிடந்தன. அந்தக் குளத்து நத்தைதான், எல்லாரும் வந்து பாருங்கள் என்று டாக்டர் கூப்பிட்டார். வரிசை கலைந்து தம்ளரைச் சூழ்ந்துகொண்டது. வெயில் பட்ட பக்கத்து நத்தையிலிருந்து மாவுத்தூசிபோல ஏதோ வெளியேறித் துடித்துத் துடித்து நீந்தியது.

“புழுக்குஞ்சு. நத்தையோட ஈரலுக்குள்ள இருந்து அதையே தின்னு வளருது. மாட்டுக்காலைத் தேடித்தான் வெளிய வருது. தெரியாம மனுசத் தோலுக்குள்ள பூந்துட்டா அங்கனயே செத்துப்போகும். அதுதான் இந்த அரிப்பு” என்றார். “நல்ல வெயில்லதான் வரும். ராத்திரி நத்தைக்குள்ளயே அடங்கிக் கெடக்கும். அப்ப எறங்கினா ஒண்ணும் செய்யாது.”

ரோஸ் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கூட வந்தது யாரு? அவங்களுக்கும் களிம்பு வேணுமில்ல?”

பிளாரன்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். “அவுகதான்...” என்றாள். வெட்கம் வேறு!

பெண்களெல்லாம் சிரித்தார்கள். ஒருத்தி எட்டிப் பார்த்துச் சொன்னாள். “அவ மாப்பிள்ள அருமைநாயகம், டாக்டரய்யா. தாலி கெட்டினவன் பேரை எப்பிடி வாய்விட்டுச் சொல்லுவா?”

ரோஸ் அந்தப் பேரை வாய் நிறையச் சொல்லுவாள். எத்தனையோ நாள் சொல்லியிருக்கிறாள். அவளை யாரும் தடுத்ததில்லை.

அவளையும் அவன் அந்தக் குளத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போவான். கைகோத்து இறங்குவார்கள், இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்கள். எப்போதும் ஊர் அடங்கின பிறகுதான். அவள் காலில் இதுவரை ஒரு புள்ளி வந்ததில்லை.

உலகச் சண்டை நடக்கிற காலம், மருந்துக்குத் தட்டுப்பாடு. ஆனாலும் டாக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்தே களிம்பு கொடுத்தார். பிளாரன்ஸ் வாங்கிக்கொண்டு போனாள்.

“ஒனக்கு என்னம்மா?”

“ஒண்ணும் இல்ல, டாக்டரய்யா.”

வெளியே வந்த ரோஸ் வீட்டுக்குப் போகவில்லை. உச்சி வெயிலில் மேற்கே நடந்து, பனங்காட்டுக் குளத்துக்கு வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நின்றாள்.

கரையில் எருமை மேய்த்துக்கொண்டிருந்தவன் பதறிப்போய்ச் சத்தம் போட்டான்.

“ஏளா, அந்தத் தண்ணியில நிக்காத! அரிச்சுப் புடுங்கிரும்!”

அவள் ஏறவில்லை.