பக்கத்து மேஜைப் பிணம்

"தம்பி, மூச்சை அடக்கு. பொணத்தோட வயிறு இப்படி ஏறி இறங்கக் கூடாது" என்றார் அப்பா நடிகர்.

பக்கத்து மேஜைப் பிணம் போர்வைக்குள் நெளிந்தது. "முதல் நாள்ணே. பழகிடும்."

அது சவக்கிடங்கு செட். ஏழு தகர மேஜைகள், ஏழு வெள்ளைப் போர்வைகள். மூலையில் கேமரா உறை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. பிணமாகப் படுப்பது தினக்கூலித் துணை நடிகர்களின் வேலை. அப்பா நடிகரோ முப்பது வருஷமாகக் கதாநாயகர்களைப் பெற்றுப் பெற்றே பேர் வாங்கியவர்.

"உங்களைப் போய் இப்படிக் கிடத்திட்டாங்களே! நீங்க ஹீரோவுக்கு அப்பாவா நடிக்க வந்தவருதானே?"

"வந்தேன். ஹீரோ அந்த வேஷத்தைத் தன் மாமனாருக்குக் குடுத்துட்டார். அவருக்கும் வீட்டுல நிம்மதி வேணுமில்ல?"

"அப்ப உங்களை அனுப்பிட வேண்டியதுதானே?"

"அங்கதான் இடிக்குது. என் ஒப்பந்தம் அப்படி. நடிக்க வெச்சாலும் வெக்காட்டியும் முழுச் சம்பளம். அவங்களா அனுப்பினா பணத்தை எடுத்து வைக்கணும். நானா விலகினா சல்லிக்காசு கிடையாது. அதான் பொணமாக்கிட்டாங்க, ரோஷம் வந்து ஓடிடுவேன்னு."

"வரலையா?"

"பொணத்துக்கு என்ன ரோஷம்? பொண்ணு காலேஜுக்கு இன்னும் ஒரு வருஷம் கட்டணும். அதைக் கட்டிட்டு நிதானமா ரோஷப்பட்டுக்கலாம்."

பன்னிரண்டு நாளாகிறது. முதலில் நாற்காலியை எடுத்தார்கள். பிறகு மின்விசிறியை. முந்தாநாள் அவர் மூக்கில் வைக்கப் பஞ்சு வந்தது. நடிகர் எதற்கும் அசையவில்லை. அசையாமல் கிடப்பதுதானே வேஷம்?

"மேனேஜர் வந்து கெஞ்சினார். டைரக்டர் வந்து மிரட்டினார்" என்றார். "இன்னும் படத்துக்குப் பணம் போட்ட முதலாளி ஒருத்தர்தான் பாக்கி."

"அவரும் பாவம்ணே. எத்தனை பேருக்குத்தான் சும்மா சம்பளம் குடுப்பாரு?"

"அடேயப்பா! நூறு ரூபாய்க்குப் படுத்துக்கிட்டு கோடீஸ்வரனுக்கு வக்காலத்தா?"

பிணம் லேசாக இருமியது. "இல்லண்ணே, இந்த மாதிரி ஷரத்து எழுத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"என் சம்சாரம். எந்தக் காகிதத்தையும் மூணு தரம் படிக்காம கையெழுத்துப் போட விட மாட்டா. அவ கடைசியாப் படிச்ச காகிதம் அதுதான். போன வருஷம் போயிட்டா."

அப்பா நடிகர் மூக்குப் பஞ்சைச் சரிசெய்துகொண்டார்.

சாப்பாட்டு மணி அடித்தது. மறுகணம் ஐந்து போர்வைகள் பறந்தன. ஐந்து பிணங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கதவுக்கு ஓடின. ஒன்றின் கால்விரலில் கட்டியிருந்த அடையாள அட்டை வாசலிலேயே அறுந்து விழுந்தது.

"நீங்க போகலையாண்ணே?"

"நான் எந்திரிச்ச நேரம் பாத்து 'ஷாட் ரெடி'ன்னு கூப்பிடுவாங்க. ஆளைக் காணோம்னு எழுதி ஒப்பந்தத்தையே கிழிச்சிடுவாங்க. பொண்ணு கட்டிக் குடுத்த பொட்டலம் தலைமாட்டுல இருக்கு. நீ போகலையா?"

"எனக்குப் பசிக்கல." பிணம் குரலைத் தாழ்த்தியது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என் மச்சான் வேற ஒரு கம்பெனியில மேனேஜர். அங்க ஒரு டாக்டர் வேஷம் காலியா இருக்கு. நாலு பக்க வசனம். நாளைக்கே வரணும்."

அப்பா நடிகரின் கண் தானாகத் திறந்தது. நாலு பக்கம்! முப்பது வருஷத்தில் அவர் பேசியதெல்லாம் 'டேய், நில்லுடா', 'என் மூஞ்சில முழிக்காதே', அப்புறம் மாரடைப்பு.

"டாக்டரா?"

"பெரிய டாக்டர். உங்க பொண்ணு தியேட்டர்ல உக்காந்து கை தட்டும்ணே. இந்தப் பஞ்சு மூக்கோட அப்பாவைப் பாக்கணும்னு அதுக்கு என்ன தலையெழுத்தா?"

கரைப்பார் கரைத்தால் கல்லும் கரையும். அவர் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு மூக்குப் பஞ்சை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நான் என்ன செய்யணும்?"

"'நானாக விலகிக்கொள்கிறேன்'னு ஒரே ஒரு வரி. இங்க இருக்கிற மேனேஜர்கிட்ட நான் சேத்துடறேன்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு கை காகிதத்தையும் பேனாவையும் நீட்டியது. தங்க மூடி போட்ட பேனா.

அப்பா நடிகர் எழுந்து உட்கார்ந்தார். தகர மேஜையில் காகிதத்தை வைத்து எழுதினார். மனைவி சொல்லிக்கொடுத்தபடி மூன்று தரம் படித்தார். கையெழுத்துப் போட்டு நீட்டினார். பேனாவையும் மறக்காமல் திருப்பிக் கொடுத்தார். பிறகு பஞ்சை மூக்கில் செருகிக்கொண்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிட்டார்.

"ஏண்ணே மறுபடி படுத்துட்டீங்க? கிளம்பலையா?"

"முதல்ல படி."

பக்கத்துப் போர்வைக்குள் காகிதம் சரசரத்தது. அதன்பின் அந்தப் பிணத்தின் வயிறு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

'தயாரிப்பாளர் ஐயா அவர்களுக்கு, பன்னிரண்டாம் நாளும் வந்தேன், தயாராகப் படுத்திருக்கிறேன். பக்கத்து மேஜையில் படுத்திருக்கும் தாங்களே இதற்குச் சாட்சி. முப்பது வருஷத்தில், சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்து ஓடாத துணை நடிகனை நான் பார்த்ததே இல்லை.'