முள்ளை நம்பி

பைக்கின் பெட்ரோல் டேங்கைத் திறந்து, மர ஸ்கேலை உள்ளே விட்டுப் பார்த்தார் கணவர்.

“முள்ளுதான் ஃபுல்லுன்னு காட்டுதே! இது என்ன புதுக் கூத்து?” மனைவி அலுத்துக்கொண்டாள்.

“முள்ளை நம்பித்தான் நேத்து நடுவழியில நின்னுபோச்சு.”

“அதான் ஷூவெல்லாம் சேறா? ஓரமாத் தள்ளிக்கிட்டு வரவேண்டியதுதானே?”

“மூவாயிரம் அடி உயரத்துல எந்த ஓரத்துல தள்றது?”

இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தை ஓட்டுவதுதான் அவர் வேலை.

“குச்சி விட்டு அளக்காமக் கிளப்பினது என் தப்பு. நல்லவேளை, கீழே வயல் இருந்துச்சு. அப்படியே மிதந்து வந்து இறக்கிட்டேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல.”

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஸ்கேலைத் துடைத்து நீட்டினாள்.

“எதுக்கும் இன்னொரு தடவை விட்டுப் பாருங்க.”