மூன்று நிமிட நட்சத்திரங்கள்

“தம்பி பஹ்மி, இது வைரஸ் இல்லை. ஆரோ உள்ளுக்கு வந்திட்டாங்கள்.”

நவரட்ணராஜா குரலைத் தாழ்த்திச் சொன்னார். அம்பிட்டிய வீதியில் இருந்த அந்த வாடகை வீட்டின் வாசலில் ஒரு காகம்கூட இல்லை. இருந்தும் தாழ்த்தினார்.

பஹ்மி தோள்பையை இறக்கி வைத்தான். அக்குறணையில் கம்பியூட்டர் கடை வைத்திருப்பவன். “லேட்டாகிட்டு ஸேர். கட்டுகஸ்தோட்டப் பாலத்துல ஆமிக்காரன் புடிச்சிட்டான். இந்த டிஸ்க்குக்குள்ள எனத்த ஈக்கி, தொறந்து காட்டுன்னான்.”

“பாத்தீரோ? எல்லாரும் உசாராத்தான் இருக்கிறாங்கள்” என்றார் நவரட்ணராஜா, தன் சந்தேகத்துக்குச் சாட்சி கிடைத்த திருப்தியோடு.

மேசையில் இருந்தது பழைய கம்பியூட்டர். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினால்தான் அசையும். கொஞ்ச நேரம் எந்த எழுத்தையும் தொடாமல் விட்டால், இருந்த எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளை நட்சத்திரங்கள் பறந்து வரும். திரை பழுதாகாமல் இருக்க பஹ்மி போட்டுக்கொடுத்த சின்னப் புரோகிராம் அது.

“நீர் பதினைஞ்சு நிமிசம் எண்டு போட்டுவிட்டுப் போறீர். அடுத்த நாள் பாத்தால் திரும்பவும் மூண்டு நிமிசத்தில நட்சத்திரம் வருது. ஒரு பெரிய யோசினை வாறதுக்கு மூண்டு நிமிசம் காணுமோ, சொல்லும்.”

அவர் ஓய்வுபெற்ற உதவி ஆணையாளர். ‘உதவி’யை ஓய்வுபெற்ற அன்றே கந்தோரில் விட்டுவிட்டு வந்தவர். தை மாதம் வாய்வுத் தொல்லையால் பெரியாஸ்பத்திரியில் படுத்துத் திரும்பியதிலிருந்து, நாட்டின் யுத்தத்தை முடித்து வைக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டிருந்தார். ‘நவரட்ணராஜா தீர்வு’ வெள்ளிக்கிழமை பிரசைகள் குழுவில் வாசிக்கப்பட வேண்டும். முன்னுரை பாதியில் நின்றது.

“ஸேர், இதுல டெலிபோன் லைன்கூட இல்ல. வெளியால இருந்து யாருக்கும் உள்ளுக்கு வரேலா.”

“உமக்கு அவையளைத் தெரியாது.”

“அவையளுக்கு உங்கட முன்னுரையைக் களவெடுக்கிறதை விட்டால் வேற வேலை இல்லையாக்கும்.” குசினி வாசலில் கதிரையைப் போட்டு, கூடத்தைப் பார்த்தபடி போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்த மனைவி லீலாதேவி சொன்னாள்.

“நீ உதுக்குள்ள தலை போடாதை லீலா. உந்தப் பெட்டிக்கு எது முன்பக்கம் எண்டும் உனக்குத் தெரியாது.”

“அதுவும் சரிதான்” என்றாள் அவள்.

நவரட்ணராஜா பஹ்மியிடம் திரும்பினார். “இன்னொரு கரைச்சல் இவ. நட்சத்திரம் வந்தால் போதும், பிளாஸ்க்கில இருந்து தேத்தண்ணியை ஊத்திக்கொண்டு வந்து நிப்பா. ‘என்ன, நித்திரையோ?’ எண்டு தோளில ஒரு தட்டு. தேத்தண்ணி குடிச்சே என்ர தீர்வு ஊறிப்போச்சு. பிடியும், மேசையை யன்னல் பக்கம் திருப்புவம். வாசலால வாறவன் வாசிக்கக் கூடாது.”

“மேசை அதிலயே நிக்கட்டும்” என்றாள் லீலாதேவி. “யன்னல் வெயில் உங்கட கண்ணுக்குக் கூடாது.”

“அப்ப ஒண்டு செய்யும் தம்பி. இந்த நட்சத்திரத்தை ஒரேயடியாக் கழட்டிவிடும்.”

லீலாதேவியின் கத்தி நின்றது. பஹ்மி அவளைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“கழட்டினா திரை கருகிரும் ஸேர். எழுத்து அப்புடியே அச்சு வுழுந்திரும்.”

“விழட்டும். பிறகு மிசினை நிப்பாட்டினாலும் முன்னுரை தெரியும்” என்றாள் லீலாதேவி. “பக்கத்து வீட்டாக்களும் வந்து வாசிக்கலாம்.”

நவரட்ணராஜா அரசாங்கக் கோப்பைப் பார்ப்பதுபோலத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரி. இருக்கட்டும். ஆனால் பதினைஞ்சு.”

பஹ்மி கட்டளையைத் தட்டினான். கம்பியூட்டர் தொடங்கும்போது அது படிக்கும் வரிகள் திரையில் வந்தன. அதில் ஒரு வரியின் முடிவில் இருந்த மூன்றை அழித்துப் பதினைந்து போட்டான். நிறுத்தி, மறுபடி தொடங்கினான்.

“இப்ப சரி ஸேர்.”

“இனி ஆரும் தொட்டால் எனக்குத் தெரியும்” என்று சொல்லி, ஆணையாளர் கதிரையில் சாய்ந்து, முன்னுரைக்காகக் கண்ணை மூடினார்.

பஹ்மியை வழியனுப்ப லீலாதேவி படலைவரை வந்தாள்.

“பதினைஞ்சு போட்டாச்சோ?”

“போட்டாச்சு அன்ட்டி. ஸேர் பகலைக்குச் சாப்பிட்டுப் படுத்த பொறகு நீங்க மாத்திக்கோங்க. நான் காட்டித் தந்தது ஞாபகம் ஈக்கிதானே?”

“அந்த ஒரு வரிதானே. இவ்வளவு நாளும் ஆர் மாத்தினது?”

பஹ்மி சிரித்தான். “எனக்கு ஒண்டு மட்டும் வெளங்கல்ல. அஞ்சு, பத்து வெச்சா ஸேர் இவ்வளவு சத்தம் போட மாட்டார். எனத்துக்கு அன்ட்டி மூணுதான் வேணும்னு நிக்கிறீங்க?”

லீலாதேவி திரும்பிக் கூடத்தைப் பார்த்தாள். உள்ளே ஒற்றை விரலால் எழுத்துத் தட்டும் சத்தம் கேட்டது.

“அது வாய்வு இல்லைத் தம்பி. அவருக்கு அப்பிடிச் சொல்லி வைச்சிருக்கிறம். இன்னொருக்கா நெஞ்சு நிண்டால், நாலு நிமிசத்துக்குள்ள ஆரும் பக்கத்தில நிக்க வேணும் எண்டு டொக்டர் சொன்னவர்.”

தட்டும் சத்தம் நின்றது. அவள் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.

“மூண்டில நட்சத்திரம் வந்தால், மிச்ச ஒரு நிமிசத்தில நான் குசினியால வந்திடுவன். வெறுங்கையோட ஓடி வந்தால் மனுசன் பயந்திடும், அதுக்குத்தான் தேத்தண்ணி.”