கேப்டன் இறக்காத கரை

சங்கரி மேடம் சத்தமில்லாமல் ஒரு பொத்தானை அழுத்தினார். இரண்டு எஞ்சினும் நின்றன.

முன்னால் உட்கார்ந்திருந்த கேப்டன் ராகவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அது நிஜ விமானம் இல்லை. விமானக் கம்பெனியின் பயிற்சிக் கூடத்தில், ஆறு இரும்புக் கால்களின்மேல் நின்று ஆடுகிற பெட்டி. உள்ளே விமானத்தின் மூக்கு மட்டும் இருக்கும். கண்ணாடிக்கு வெளியே தெரிகிற வானமும் பூமியும் படம்.

அந்தக் கால்களில் கசிகிற எண்ணெயைத் துடைப்பதுதான் என் வேலை. அன்றைக்கு உள்ளே ஏ.சி. சொட்டியது. வாளி வைக்கப் போனேன். அதற்குள் ஏறி வருகிற பாலத்தைத் தூக்கிவிட்டார்கள்.

"இனிமே இறங்க முடியாது. ஓரமா உக்காருங்க, ஏசுபாதம் அண்ணா," என்றார் மேடம்.

பயிற்சி கொடுப்பதும் மார்க் போடுவதும் அவர்தான். பின்னால் உட்கார்ந்தபடி எஞ்சினை நிறுத்துவார், மழையை வரவைப்பார், விமான நிலைய டவரில் பேசுகிறவர் மாதிரியும் அவரே பேசுவார்.

ராகவன் சார் ஏற்கெனவே இரண்டு தடவை தவறியிருந்தார். இது மூன்றாவது. இதிலும் தவறினால் வேலை போய்விடும். அந்தக் குளிரிலும் அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

படத்தில் கடல் தெரிந்தது. அப்புறம் கரை.

"எங்க இறக்கப் போறீங்க?" என்று டவர் குரலில் கேட்டார் மேடம்.

"எதிர்ல வெறும் மணல். வயிறு உரச இறக்கிடுவேன்."

மேடம் மார்க் தாளில் ஒரு டிக் போட்டார். ராகவன் சார் பிழைத்தார் என்று எனக்கும் சந்தோஷம்.

பக்கத்து சீட்டில் இருந்த துணை விமானி ரோஹித் உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தான். தொள்ளாயிரம் அடி. எண்ணூறு.

அப்போதுதான் நான் கண்ணாடியைச் சரியாகப் பார்த்தேன்.

கழிவெளி ஏரித் தண்ணீர் கடலில் சேருகிற வாய். அதற்கு வடக்கே அரிவாள் மாதிரி வளைகிற கரை. கடப்பாக்கத்துக்குப் பக்கம். பிறந்ததிலிருந்து மிதித்த இடம், மேலேயிருந்து பார்த்தால் மட்டும் தெரியாமல் போகுமா?

எழுநூறு.

"சார், அங்க எறக்காத சார்! எங்க வூடு கீது!"

என் குரல்தான். நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

"யோவ், உக்காருய்யா!" என்று கத்தினான் ரோஹித்.

"அண்ணா, அது படம்," என்றார் மேடம். "வெறும் மணல்."

"மணலு இல்ல மேடம், நாப்பது வூடு! வாசல்ல எம் பொண்டாட்டி சந்திரம்மா மீன் கழுவிகினு கீறா. புள்ளைங்க ஆடிகினு கீதுங்க. திருப்பு சார்!"

"இன்னைக்கு எனக்கு ரெண்டு டவர் போலிருக்கு," என்றார் ராகவன் சார்.

சிரித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கை விமானத்தைக் கடல் பக்கம் திருப்பியது.

உயரம் போதவில்லை. இறக்கை நுனி அலையில் பட்டது. பெட்டி ஒரு தூக்கு தூக்கிப் போட்டு நின்றது. கண்ணாடி முழுக்கச் சிவப்பு; விமானம் நொறுங்கியது என்று அர்த்தம்.

வாளியிலிருந்த தண்ணீர் என் காலில் சிந்தியது.

"தப்பு என்மேல. அவர் எழுந்தப்பவே நான் நிறுத்தியிருக்கணும்," என்றார் மேடம். "இன்னொரு தடவை வைக்கிறேன், கேப்டன். அதே உயரம், அதே கரை. இறக்கிட்டீங்கன்னா பாஸ்."

ராகவன் சார் பெல்ட்டைக் கழற்றினார்.

"வேணாம், சங்கரி. அங்க ஆள் இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. திரும்பவும் கடலுக்குத்தான் போவேன்."

"உங்க பின்னால நூத்தி அறுபது பேர் இருந்தாங்க, சார்."

"அவங்க படம். இவர் வீடு படம் இல்லையே."

மேடம் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், ராகவன் சார் மறுபடி சீட்டில் உட்கார்ந்திருப்பார். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

குனிந்து வாளியை எடுத்துக்கொண்டேன்.

மேடம் பேனாவைத் திறந்து, போட்ட டிக்கின்மேல் கோடு இழுத்தார்.

சாயங்காலம் ராகவன் சாரே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். வேலை போனவர் அவர். எனக்குத்தான் கதவைத் திறந்து குதித்துவிடலாமா என்று இருந்தது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மகேந்திரா சிட்டி தாண்டும்போது ஒரு தடவை, பைபாஸிலிருந்து ஊருக்குள் திரும்பும்போது ஒரு தடவை வாயைத் திறந்து மூடினேன்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் அவரே கையைக் காட்டினார்.

"அதோ, கடப்பாக்கம் பஸ். ஓடுங்க, வீட்ல தேடுவாங்க."

அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஏறினேன். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினேன்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து, அச்சரப்பாக்கம் பஸ்ஸைப் பிடித்தேன். சுனாமி வந்ததிலிருந்து அங்கே தங்கச்சி வீட்டில்தான் படுக்கிறேன். நாற்பது வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. சந்திரம்மாவும் மிஞ்சவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. மேலேயிருந்து பார்த்த அந்தக் கொஞ்ச நேரம், எனக்கு அது மறந்துபோயிருந்தது.