புகை அறைப் பொம்மை

புகை அறைக் கதவு திறந்தது. நான்கு மாணவர்கள் சேர்ந்து ஓர் ஆளைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்து, சிமென்ட் தரையில் பொத்தென்று போட்டார்கள். யாரும் பதறவில்லை. கல்லூரி முதல்வர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நாலு நிமிஷம் பத்து செகண்ட்! எப்படி சார் நம்ம பசங்க?"

பொம்மைக்குப் போய் யார் பதறுவார்கள்? மாலுமிப் பயிற்சிக் கல்லூரியில் தீயணைப்புப் பாடம் இப்படித்தான். அறையில் புகையை நிரப்பி, பொம்மையை உள்ளே போட்டு, மாணவர்களிடம் அதைத் தேடி எடுத்துவரச் சொல்வார்கள். இன்றைக்கு அதற்கு முழு உடுப்பு, பூட்ஸ், கையுறை, முகத்தை மூடிய கறுப்புக் கவசம், முதுகில் காற்று சிலிண்டர் என்று கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோடித்திருந்தார்கள்.

ஆய்வுக்குழுத் தலைவர் பத்தடி தள்ளி நின்று எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பேனா அசைய அசைய முதல்வரின் கண்ணும் அதன் பின்னாலேயே போனது. போன வருஷம் இதே பேனாதான் பதினோரு குறைகளை எழுதிவிட்டுப் போனது. இந்தத் தடவையும் ஒப்புதல் கிடைக்காவிட்டால் இங்கே தரும் சான்றிதழை ஒரு கப்பலும் மதிக்காது. முந்நூறு பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். ஒரு வருஷமாக நாயாய் அலைந்து நீச்சல் குளம், உயிர்காப்புப் படகு, சிலிண்டர் என்று எல்லாவற்றையும் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்.

அத்தனையும் செய்து, கடைசியில் நேற்று சாயந்தரம் பொம்மை காலை வாரிவிட்டது. வயிறு கிழிந்து மணலெல்லாம் கொட்டிவிட்டது. ஸ்டோர்காரர் தார்ப்பாய் தைப்பவரிடம் கொண்டுபோயிருக்கிறார், காலைக்குள் வருவது சந்தேகம் என்று கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார் தீயணைப்பு மாஸ்டர்.

மாஸ்டர் வேறு யாருமில்லை, முதல்வரின் தங்கை புருஷன். எதைச் சொன்னாலும் "சரி சார்"தான். மாணவர்கள் அதையே அவருக்குப் பட்டப்பெயராக வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி முகத்துக்காகத்தான் உங்களை இங்க வச்சிருக்கேன், ஞாபகம் இருக்கட்டும். என்ன பண்ணுவீங்களோ ஏது பண்ணுவீங்களோ தெரியாது, காலைல புகை அறையில பொம்மை படுத்திருக்கணும். இல்லேன்னா என் முகத்துல முழிக்காதீங்க!"

"சரி சார்."

காலையில் பொம்மை படுத்திருந்தது. பரவாயில்லையே, மாப்பிள்ளைக்கும் மூளை இருக்கிறதே என்று முதல்வருக்கே ஆச்சரியம். ஆனால் மாப்பிள்ளையைத்தான் காணோம். திட்டினதுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டதாக்கும்!

இரண்டாவது தடவையும் பொம்மையை உள்ளே போட்டு இழுத்து வந்தார்கள். மூன்று நிமிஷம் ஐம்பது.

"இன்னொரு தடவை பண்ணிடலாம். மூணு தடவை பார்த்தாத்தான் சராசரி போட முடியும்" என்றார் தலைவர்.

"ஒண்ணு என்ன, பத்து தடவை பார்க்கலாம் சார்!"

மறுபடியும் பொம்மை உள்ளே போனது, கதவு சாத்தப்பட்டது. மாணவர்கள் கவசத்தை மாட்டிக்கொண்டு கதவருகில் போனபோது தலைவர் அவர்களை நிறுத்தினார். உள்ளே வழி தவறினால் என்ன செய்வீர்கள், இடுப்பில் கட்டிய கயிறு அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று சாவகாசமாக ஒவ்வொருவரையும் கேட்க ஆரம்பித்தார்.

அப்போது எங்கிருந்தோ கீச்சென்று ஒரு விசில் சத்தம்.

"என்ன அது?"

முதல்வர் நெஞ்சை நிமிர்த்தினார். "சிலிண்டர்ல காத்து தீரப்போகுதுன்னா ஊதுற விசில் சார். போன வருஷம் ஒண்ணுகூட ஊதலைன்னு எழுதினீங்களே, இப்ப கேளுங்க! எல்லாமே புதுசு."

நால்வரில் ஒருவனான மாணவர் தலைவனுக்கு முகம் வெளிறியது. "சார், நாங்க உள்ள போயிடறோம் சார்."

"என்னடா அவசரம்? ஐயா கேக்கறதுக்கு முதல்ல பதில் சொல்லு!"

பதில் சொன்னார்கள். நான்கு பேரும் சொல்லி முடிப்பதற்குள் விசில் தானாகவே நின்றுவிட்டது. பிறகு உள்ளே ஓடி, இரண்டே நிமிஷத்தில் பொம்மையோடு வெளியே வந்தார்கள். தலைவரே கை தட்டினார்.

மாணவர் தலைவன் மட்டும் மண்டிபோட்டு, பொம்மையின் முகக் கவசத்தைக் கழற்றப் பார்த்தான். முதல்வர் அவன் காதோரம் குனிந்து பல்லைக் கடித்தார்.

"அதோட என்னடா கொஞ்சல்? போட்டோவுக்குப் போய் நில்லு."

"சார், அது வந்து…"

"வாயைத் திறந்தே, உனக்கு சர்டிபிகேட் கிடையாது. போ!"

திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். முதல்வர் ஷூ முனையால் பொம்மையின் விலாவில் ஒரு தட்டுத் தட்டி, "உன்னை மாதிரி அடக்கமா ஒருத்தன் இங்க உண்டாடா?" என்றார். தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

போட்டோ எடுத்தார்கள், டீ குடித்தார்கள். தலைவர் கை குலுக்கி, "ஒப்புதல் வந்துட்ட மாதிரிதான், நிம்மதியா இருங்க" என்று காரில் ஏறினார். முதல்வருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வேகத்தில் தங்கைக்குப் போன் போட்டார்.

"உன் வீட்டுக்காரர் இன்னிக்கு என் மானத்தைக் காப்பாத்திட்டாரும்மா. சும்மா சொல்லக் கூடாது. ராத்திரி எனக்கு உங்க வீட்லதான் சாப்பாடு."

போனை வைத்தபோது, ஸ்டோர்காரரின் ஸ்கூட்டர் தடதடவென்று உள்ளே வந்தது. பின் சீட்டில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது, புதுத் தையல் போட்ட வயிறோடு ஒரு பொம்மை.

"லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. இதை எங்க சார் படுக்க வைக்கட்டும்?"