மகள் செய்து கொடுத்த அட்டை

“இந்த வயசுலயா!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் அந்தச் சால்வைக்காரி. தன் செல்போனையும் சூஜென்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோழியை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

சூஜென்னுக்கு முகம் சுண்டிப்போயிற்று. மகளுக்கு முப்பத்தாறுதான், அதென்ன அப்படியொரு வயசா?

செங்டு நகரப் பூங்காவில் ஞாயிறுதோறும் கூடும் இந்த வரன் சந்தைக்குப் பிள்ளைகள் வருவதில்லை, பெற்றவர்கள்தான் வருவார்கள். மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றில் பிள்ளைகளின் விவரம் எழுதிய அட்டைகள் தொங்கும். பிடித்தால் நின்று பேசுவார்கள், இல்லையென்றால் அடுத்த அட்டைக்குப் போய்விடுவார்கள். இப்படி முகத்துக்கு நேரே யாரும் சிரிப்பதில்லை.

மகள் யீலானிடம் கல்யாணப் பேச்சை எடுத்தாலே சண்டைதான். “நான் கட்டிக்கிட்டுப் போயிட்டா நீ யாரோட சண்டை போடுவே?” என்பாள். அப்பா இறந்துபோனதிலிருந்து அந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர்.

அப்படிப்பட்டவள் போன வாரம் திடீரென்று இறங்கிவந்தாள். “சரிம்மா, உன் இஷ்டம். க்யூஆர் கோடு போட்டு அட்டையை நானே செஞ்சு தர்றேன்.”

அச்சுக்கடையில் முதலில் சிவப்பு அட்டையில் அடித்துப் பார்த்தார்கள். நல்ல காரியத்துக்குச் சிவப்புதான் வேண்டும் என்று சூஜென் ஒற்றைக்காலில் நின்றாள். செல்போனோ அந்த க்யூஆர் கோடைக் கண்டுகொள்ளவே இல்லை.

“கறுப்புக் கட்டம் எடுத்துத் தெரியணும்னா பின்னால வெள்ளை இருக்கணும்மா,” என்றார் கடைக்காரர்.

வெள்ளையில் அடித்ததும் சட்டென்று திறந்தது. யீலானின் படம், படிப்பு, வேலை, எல்லாம் வந்தன. எட்டி நின்றும், சாய்த்துப் பிடித்தும், வெயிலில் காட்டியும் சூஜென் தன் செல்போனிலேயே சோதித்துப் பார்த்துக்கொண்டாள்.

“நாளைக்கு உனக்குச் சம்பளம் ஏறினா வேற அட்டை அடிக்கணுமாடி?”

“வேணாம்மா. கோடு இதேதான். உள்ளே இருக்கறதை மட்டும் நான் வீட்லேர்ந்தே மாத்திக்கலாம்.”

அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த அட்டை. காலையிலிருந்து எத்தனையோ பேர் அதன்முன் செல்போனைக் காட்டினார்கள். ஒருவர்கூட நிற்கவில்லை. சிலர் புன்னகைத்தார்கள், ஒரு பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். இப்போது இந்தச் சிரிப்பு வேறு.

என் குழந்தையை நானே கொண்டுவந்து ஊர் சிரிக்கத் தொங்கவிட்டுவிட்டேனே என்று நொந்துகொண்டாள். அட்டையைக் கழற்றக் கையை உயர்த்தினாள்.

“கழட்டிடாதீங்க, கொஞ்சம் இருங்க!”

தேநீர்க் குடுவையும் கையுமாக ஒருவர் வேகமாக வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது, சட்டை புதுசு. “என் பேரு வெய் போலின். கணக்கு வாத்தியாரா இருந்து ஓய்வு வாங்கினவன். எல்லாம் படிச்சுப் பாத்தேங்க. மனசுக்குப் பிடிச்சிருக்கு.”

சூஜென் தயங்கினாள். “வயசு... பாத்தீங்களா?”

“பாத்தேன். வயசுல என்னங்க இருக்கு?”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காலையிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்காகத்தானே நின்றாள்!

“காரம் சேத்துக்கற பழக்கம் உண்டுங்களா?”

“மிளகாய் இல்லாம சோறே இறங்காதுங்க.”

“கோபம் வருமோ?”

பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. “வரும். வந்த வேகத்துலயே போயிடும்.”

“அது போதும்ங்க,” என்று சிரித்தார் வெய் போலின். “எனக்குக் கத்தரிக்காய் நல்லா சமைக்க வரும். வீடு ஆத்தங்கரைப் பக்கம்தான்.”

மாமனாரே சமைப்பாரா? யீலான் கொடுத்துவைத்தவள்தான். சூஜென் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

“உங்க பையன் என்ன வேலை பாக்கறாருங்க?”

அவர் விழித்தார். பிறகு ஏதோ புரிந்தவராகத் தன் செல்போனை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

திரையில், பால்கனியில் துணி உலர்த்தியபடி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள் சூஜென்.

காது மடல் சிவக்க அவர் சொன்னார். “பையனுக்கு இல்லைங்க... எனக்குத்தான்.”